30 அங்குல மேசை, 5 அடி 3 அங்குல ஆள்: எந்தக் கதிரை வாங்கலாம்?

பதிவு 1 · கரையோரக்காரி

கொழும்பு வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம், நாலாம் மாடி. அறை 10க்கு 9 அடி. ஒரே யன்னல், அதுவும் மேற்குப் பக்கம். இருக்கிற மேசை மெலமைன் பலகை: உயரம் 30 அங்குலம், நீளம் 4 அடி, ஆழம் 2 அடி, முன்பக்கம் முழுக்க ஒரே லாச்சி (இழுப்பறை). கதிரை சாப்பாட்டு மேசைக் கதிரை, இருக்கை 18 அங்குலம். லப்டொப் 15.6 அங்குலம், தனி மொனிட்டர் இல்லை. உயரம் 5 அடி 3. வேலை மத்தியானம் 1 மணியிலிருந்து இரவு 9 வரை. பின்கழுத்தும் வலது தோளும் இழுக்குது.

கேள்வி ஒன்றுதான்: எந்தக் கதிரை வாங்கலாம்? மெஷ்ஷா, குஷனா?

பதிவு 2 · முழங்கை90

கதிரைக் கடைக்குப் போக முதல் ஒரு டேப்பும் இன்னொரு ஆளும் போதும். அளக்க வேண்டியது மேசையை இல்லை, உங்களை.

பலகை வாங்கு (பெஞ்ச்) போல மெத்தை இல்லாத ஒன்றில் இருங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள், நாங்கள் வீட்டில் வெறுங்காலோடுதான் வேலை செய்கிறோம், வெளிநாட்டு அட்டவணைகள் பல சப்பாத்துக்கும் 2.5 செ.மீ. சேர்த்துத்தான் கணக்குப் போடுகின்றன. கால் தொங்கினால் தொடை மட்டமாகும் வரை பாதத்துக்குக் கீழே புத்தகம் அடுக்குங்கள். பிறகு நாலு அளவு எடுக்கவேணும். பாதத்திலிருந்து முழங்காலின் உட்பக்க மடிப்பு வரை ஒன்று. மேற்கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்தபடி, இருக்கையிலிருந்து முழங்கை வரை ஒன்று. இருக்கையிலிருந்து கண் வரை ஒன்று. பின்பக்கச் சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஒன்று.

5 அடி 3க்கு இவை அண்ணளவாக 40, 23, 72, 45 செ.மீ. வரும். ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று செ.மீ. மாறும், அதனால் அளந்தே தீரவேணும். முதல் இரண்டையும் கூட்டினால் 63. கீபோர்ட் இருக்கவேண்டிய உயரம் அதுதான். உங்கள் மேசை 76.

இப்போது நடக்கிறதைப் பாருங்கள். 46 செ.மீ. இருக்கையில் இருந்தால் முழங்கை 69இல் நிற்கும். மேசை அதைவிட 7 செ.மீ. மேலே. அந்த 7 செ.மீ.யை ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம் தோளைத் தூக்கித்தான் ஈடுகட்டுகிறீர்கள். அதே நேரம் இருக்கை முழங்கால் மடிப்பைவிட 6 செ.மீ. உயரம், அதனால் குதிக்கால் ஊன்றாது, முன்னுக்குச் சறுக்குவீர்கள், முதுகு சாய்மானத்தை விட்டு விலகும். காலுக்குக் கூடின உயரம், மேசைக்குக் குறைந்த உயரம். இந்தக் கணக்கைத் திருத்தாமல் எவ்வளவு விலைக்குக் கதிரை வாங்கினாலும் தோள் இறங்காது.

பதிவு 3 · மரத்தூள்

மேசைக் காலை அரியலாம் தங்கச்சி, ஆனால் அதுக்கு முதல் அந்த லாச்சியைப் பாருங்கோ.

தொடையின் தடிப்பு கிட்டத்தட்ட 15 செ.மீ. இருக்கையிலிருந்து முழங்கை 23. இடையில் மிஞ்சுவது 8 செ.மீ. மட்டும். அந்த 8க்குள் மேசைப் பலகை, அதுக்குக் கீழே இருக்கிறது, கால் அசைய இடம் எல்லாம் அடங்கவேணும். 18 மி.மீ. பலகை ஒன்றென்றால் தாராளம். அதோட 10 செ.மீ. லாச்சியும் இருந்தால் முழங்கை மட்டத்துக்கு மேசை வரவே வராது. இப்ப இடிக்காதது மேசை பொருந்துறதால இல்லை, நீங்கள் தாழ இருக்கிறதால. கதிரையை உயர்த்தின நாளே தொடை லாச்சியில் முட்டும்.

முழங்காலுக்கு முன்னால் லாச்சி வைத்த மேசையைக் கணினிக்கு வாங்கவேண்டாம் என்று நான் சொல்லுறது இதுக்குத்தான். எழுதுகிற மேசைக்கு அது பரவாயில்லை. கணினி மேசைக்கு லாச்சி வேணுமென்றால் பக்கத்தில, தனிப்பெட்டியாக.

அரியிறதென்றால்: லாச்சியைக் கழற்றினவுடன் மேசை ஆடத் தொடங்கும், ஏனென்றால் அதின்ர சட்டம்தான் மேசையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தது. பின்பக்கம் இரண்டு கால்ப் பலகைகளுக்கும் நடுவில் 15 செ.மீ. உயரமான குறுக்குப் பலகை ஒன்று போடவேணும். வெட்டின விளிம்பை அப்படியே விடாதீங்கோ. மெலமைன் என்றால் உள்ளே அழுத்தின மரத்தூள்தான். நிலம் துடைக்கிற தண்ணி உறிஞ்சி மூன்று மாதத்தில ரொட்டி மாதிரி ஊதும். பிவிசி விளிம்புப் பட்டி ஒட்டி, கீழே பிளாஸ்டிக் பொத்தான் அடிச்சு நிலத்திலயிருந்து அரை அங்குலம் தூக்கி வையுங்கோ. இரும்புக் கால் என்றால் வெட்டின வாயில துரு எதிர்ப்புப் பெயின்ற் பூசிப்போட்டு றப்பர் மூடி போடுங்கோ. கடற்காத்து அடிக்கிற வீட்டில பூசாத இரும்பு ஒரு மழைக்காலம் தாண்டாது.

பதிவு 4 · கரையோரக்காரி

மேசை வீட்டுக்காரருடையது, வாடகையோடு வந்தது. அரிய முடியாது அண்ணா. சனி ஞாயிறில் 5 அடி 11 ஆள் ஒருவரும் அதே மேசையில் இருப்பார்.

பதிவு 5 · முழங்கை90

அப்படியென்றால் வழி தெளிவு: நிலத்தைத் தூக்குவது. மேசை 76இல் நிற்கட்டும், இருக்கை 53க்குப் போகட்டும், பாதத்துக்கு 12–13 செ.மீ. உயரத்தில் ஒரு மிதிபலகை வைக்கலாம். 5 அடி 11 ஆளுக்கு 76 கொஞ்சம் உயரம்தான், ஆனால் இருக்கையை ஓரிரு அங்குலம் ஏற்றினால் சமாளிப்பார். அவருக்கு மிதிபலகையைத் தள்ளி வைத்துவிடலாம்.

மிதிபலகைக்குக் காசு செலவழிக்கவேண்டாம். சாதாரண செங்கல் நாலை விளிம்பில் நிறுத்துங்கள், உயரம் ஏறக்குறைய 10.5 செ.மீ. வரும் (கல்லுக்குக் கல் வித்தியாசம், வாங்கும்போதே அளவுங்கள்). மேலே 18 மி.மீ. பிளைவுட், 45க்கு 35 செ.மீ. மொத்தம் 12.3. கல்லைப் பழைய துணியால் சுற்றினால் தரையும் கீறாது, பொடியும் கொட்டாது. பலகை அகலமாக இருக்கவேணும். ஒரே இடத்தில் பாதத்தைப் பூட்டி வைக்கிற சின்ன மிதிபலகை இல்லாததற்குச் சமம். அதோடு பிளைவுட்டைக் கல்லுக்கு மேல் சும்மா வைத்தால் முன்னுக்கு மிதிக்கும்போது கவிழும். அடிப்பக்கம் இரண்டு சட்டம் அடித்து, கல் அந்தச் சட்டங்களுக்கு இடையில் இறுக்கமாக உட்காரும்படி செய்யுங்கள்.

ஒளிக்காமல் சொல்லவேணும், இது இரண்டாவது தெரிவுதான். உயர்ந்த இருக்கையில் காலை நினைத்தபடி நீட்ட முடியாது, எழும்பும்போதெல்லாம் இறங்கவேணும். மேசை உங்களுடையதாக இருந்தால் மரத்தூள் சொன்னதுதான் சரி.

பதிவு 6 · சும்மா_பார்ப்பவன்

மேசைக்குக் கீழே இழுத்துத் தள்ளுகிற கீபோர்ட் தட்டு ஒன்று போட்டால் முடிந்துவிடாதா? புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே.

பதிவு 7 · மரத்தூள்

கிடைக்கும். மூன்று பிரச்சினை.

ஒன்று அகலம். மலிவுத் தட்டு 50 செ.மீ. இலக்கத்தட்டோட முழுக் கீபோர்ட்டே 44 செ.மீ., மவுஸுக்கு இடம் இல்லை. கீபோர்ட் கீழே, மவுஸ் மேலே என்று வைத்தால் வலது கை எந்நேரமும் தூக்கினபடி. இருந்த வலியை இரட்டிப்பாக்கிற வழி அது. 68–70 செ.மீ. வேணும். இரண்டாவது ஆட்டம்: மெல்லிய தண்டவாளம் இழுத்த நிலையில நுனியில தொய்யும், தட்டச்சு செய்யிற ஒவ்வொரு அடிக்கும் மொனிட்டரும் சேர்ந்து ஆடும். தட்டு போடுறதென்றால் லாச்சிக்குப் போடுற குண்டு வைத்த உருக்குத் தண்டவாளம், 14 அங்குலத்துக்குக் குறையாமல். மூன்றாவது ஸ்குரு. 18 மி.மீ. பலகைக்கு 15–16 மி.மீ. ஸ்குருதான். 20 போட்டால் மேலால வெளியே வரும், 12 போட்டால் பிடுங்கிக்கொண்டு வரும்.

எப்படியும் லாச்சி இருக்கிற இடத்தில தட்டு வராது. வீட்டுக்காரரின்ர மேசையில ஓட்டை போடுறதும் நான் சொல்லமாட்டன்.

பதிவு 8 · சில்லுக்கதிரை

இனிக் கதிரைக்கு வரலாம். மெஷ், குஷன் என்பது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி இருக்கையின் ஆழம்.

உங்கள் நாலாவது அளவு 45. அதில் முழங்கால் மடிப்புக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளிக்காக 5 கழித்தால் 40. கடையில் நிற்கிற “பொஸ் கதிரை” எல்லாம் 48, 50. அதில் முதுகைச் சாய்த்தால் இருக்கையின் விளிம்பு முழங்கால் மடிப்பில் அழுத்தும், அந்த அழுத்தம் தாங்காமல் முன்னுக்கு வருவீர்கள், முதுகுக்குப் பின்னால் வெற்றிடம். நூற்றுக்கணக்கான பேர் “சாய்மானம் சரியில்லை” என்று சொல்லுகிற கதிரைகளில் உண்மையில் சரியில்லாதது இருக்கை நீளம். முன்பின் நகர்த்தக்கூடிய இருக்கை கிடைத்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் 6–8 செ.மீ. தடிப்புள்ள கட்டியான குஷன் ஒன்றை முதுகுக்குப் பின்னால் வையுங்கள். தலகணி வேண்டாம், அது அமுங்கிப் போகும்.

இடுப்புத் தாங்கி பெல்ட் கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே முட்டவேணும். உயரம் மாற்ற முடியாத தாங்கி உயரம் குறைந்த ஆட்களுக்கு அனேகமாக விலாவுக்குக் கீழே வந்து குத்தும். 90 பாகையில் நிமிர்ந்தே இருக்கவேணும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையையும் விட்டுவிடுங்கள். 100 முதல் 110 பாகை வரை பின்னுக்குச் சாய்ந்தால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைச் சாய்மானம் எடுத்துக்கொள்ளும். சாய்வை இறுக்கிப் பூட்டாமல் அசையவிடுங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கிற பெரிய குமிழ் அதன் இறுக்கத்தை மாற்றத்தான். மெல்லிய ஆளுக்கு அதைத் தளர்த்தாவிட்டால் சாய்மானம் அசையவே அசையாது.

கைதாங்கி மேசை விளிம்பில் இடித்தால் கதிரை கிட்ட வராது. எட்டித் தட்டச்சு செய்யவேண்டி வரும். உயரம் மாற்றலாம் என்றால் முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மாற்ற முடியாவிட்டால் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் பக்கத்துக்கு மூன்று போல்ட், ஒரு அலன் கீ போதும்.

இப்போது துணி. ரெக்ஸின் போல மின்னுகிற “பியூ லெதர்” கொழும்புக்கு உதவாது. பொலியுரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் இரசாயன ரீதியாகவே உடைகிற பொருள். இரண்டு மூன்று வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்து சட்டையில் ஒட்டும். துடைத்தாலும் பூசினாலும் நிற்காது. மெஷ் காற்றோட்டத்துக்கு நல்லது, ஆனால் முதுகுக்கு மெஷ், இருக்கைக்கு அடர்த்தியான ஸ்பொஞ்சும் துணியும் என்பதுதான் என் தெரிவு. மலிவான மெஷ் இருக்கை ஒரு வருடத்தில் ஊஞ்சல் போலத் தொய்யும், முன் சட்டம் தொடையை வெட்டும்.

சில்லு: கடைக்கதிரையோடு வருகிற கறுப்பு நைலோன் சில்லு கார்ப்பெற்றுக்கானது. டைல்ஸில் வழுக்கும், பளபளப்புச் சீமெந்தைக் கீறும். மிதிபலகையில் காலை ஊன்றினால் கதிரை பின்னுக்கு ஓடுவதும் இதனால்தான். றப்பர் போன்ற பொலியுரித்தேன் சில்லாக மாற்றுங்கள் (சில்லில் தடிப்பாக இருப்பதால் அங்கே சீக்கிரம் உதிராது). காம்பு பெரும்பாலான கதிரைகளுக்கு 11 மி.மீ. தான். கதிரையைக் கவிழ்த்து இழுத்தால் பழையது வந்துவிடும். புதியதை “டக்” என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். சத்தம் வராவிட்டால் தூக்கும்போது கழன்று விழும்.

கடையில் ஐந்து நிமிடம் இருந்து பார்த்துவிட்டு வாங்காதீர்கள். இருபது நிமிடம் இருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

பதிவு 9 · சும்மா_பார்ப்பவன்

வாயு உருளை (இருக்கையை ஏற்றி இறக்குகிற தண்டு) மெதுவாக இறங்குகிற கதிரைக்கு என்ன செய்வது? தூக்கி எறிவதா?

பதிவு 10 · சில்லுக்கதிரை

எறியவேண்டாம், உருளையை மட்டும் மாற்றலாம். மேல் குழாய் 28 மி.மீ., கீழ் 50 மி.மீ. என்பதுதான் பொதுவான அளவு. சில்லு பூட்டின நட்சத்திர வடிவ அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, மேல் பக்கத்தைக் குழாய்த் திருகியால் திருப்பி எடுப்பார்கள். உருளையைத் துளைக்கவோ வெட்டவோ சூடாக்கவோ கூடாது. உள்ளே உயர் அழுத்த வாயு. அதுவரைக்கும் தற்காலிகமாக: 28 மி.மீ. குழாயைச் சுற்றிப் பிடிக்கிற பிவிசி குழாய்த் துண்டொன்றை நீளவாக்கில் கீறி, தேவையான உயரத்துக்கு வெட்டி மாட்டினால் இருக்கை அதற்குக் கீழே இறங்காது.

பதிவு 11 · கண்கூசி

மேற்கு யன்னல் என்று சொன்னதை ஒருவரும் தொடவில்லையே. அந்த அறையில் பிற்பகல் 4 மணியிலிருந்து 6 வரை எந்தத் திரையிலும் ஒன்றும் தெரியாது, கடல் வேறு கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அடிக்கும்.

யன்னலைப் பார்த்து இருந்தால் கண் கூசும். முதுகைக் காட்டி இருந்தால் யன்னலே திரையில் தெரியும். பக்கவாட்டில்தான் வரவேணும். வடக்குச் சுவரோடு மேசையைப் போட்டு வடக்கே பார்த்து இருங்கள், யன்னல் இடது கைப் பக்கம் வரும், வலது கையால் எழுதும்போது நிழலும் விழாது. யன்னல் விளிம்பிலிருந்து மேசை ஒரு மீற்றராவது தள்ளி நிற்கட்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆனி மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே தள்ளி மறையும், அப்போது வெயில் இடது முன்பக்கத்தால் கண்ணோரத்தில் குத்தும். மார்கழியில் அதே அளவு தெற்கே தள்ளி மறையும்; அப்போது இடது பின்பக்கத்தால் வந்து திரையில் விழும். ஒரு நாள் பார்த்து “பரவாயில்லை” என்று மேசையைச் சுவரில் பூட்டிவிடாதீர்கள். வெளிர்நிறத் திரைச்சீலை ஒன்றும், அதற்கு உள்ளே தடித்த துணி ஒன்றும் இரண்டு கம்பியில் தனித்தனியாகப் போட்டால் பருவத்துக்கு ஏற்ப இழுக்கலாம்.

மொனிட்டர்: 24 அங்குல முழு எச்டி போதும். 27 அங்குலத்தில் அதே முழு எச்டி எடுத்தால் எழுத்தின் விளிம்பு நூல் பிரிந்தது போலத் தெரியும், அங்குலத்துக்கு 82 புள்ளிதான் வருகிறது, 24இல் 92. 27 வேணுமென்றால் 1440 வரி உள்ளதை எடுங்கள், 109. தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் ஆங்கில எழுத்தைவிட நெருக்கம், இந்த வித்தியாசம் எங்களுக்கு உடனே தெரியும். ‘ண’வையும் ‘ன’வையும் திரையில் எட்டிப் பார்த்துப் பிரிக்கவேண்டி வந்தால் கழுத்து முன்னுக்குப் போகிறது என்று அர்த்தம். எட்டிப் பார்க்காமல் எழுத்தை 125 வீதமாக்குங்கள்.

உயரக் கணக்கு: இருக்கை 53, கண் 72, கூட்டினால் 125. களைத்தால் ஆள் இரண்டு செ.மீ. குறுகும், 123 என்று வைப்போம். மேசை 76. ஆக, திரையின் மேல் வரி மேசையிலிருந்து 47 செ.மீ. உயரத்தில் வரவேணும். உயரம் மாறாத தாங்கியோடு வருகிற 24 அங்குலத்தின் மேல் விளிம்பு 42 அளவில் நிற்கும். குறைகிற 5 செ.மீ.க்கு ஏ4 தாள் 500 உள்ள ஒரு பொதி, அதன் தடிப்பு சரியாக அவ்வளவுதான். தூரம் கையை நீட்டினால் விரல் நுனி திரையில் படுகிற அளவு, 60 முதல் 70 செ.மீ.

இரட்டைப் பார்வைக் கண்ணாடியோ படிப்படியாக மாறுகிற கண்ணாடியோ போடுகிறவர்களுக்கு இந்த உயரம் பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்க நாடியைத் தூக்குவார்கள், பின்கழுத்து மடியும். அவர்கள் திரையை 5 செ.மீ. போல இறக்கி, மேல் விளிம்பைப் பின்னுக்குச் சாய்க்கவேணும். கண்ணாடிக் கடையில் “கொம்பியூட்டருக்கு” என்று பொதுவாகச் சொல்லாமல், கண்ணிலிருந்து திரைக்கு அளந்த தூரத்தைச் சொல்லுங்கள்.

லப்டொப்பை மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்க்கிறவர்களுக்கு: திறந்த லப்டொப்பின் மேல் விளிம்பு 24 செ.மீ. தான். தாங்கியில் 23 செ.மீ. அளவில் தூக்கி, தனிக் கீபோர்ட், தனி மவுஸ். தூக்கின லப்டொப்பின் கீபோர்ட்டிலேயே தட்டச்சு செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதற்குத் தூக்காமலே இருந்திருக்கலாம்.

பதிவு 12 · மரத்தூள்

மொனிட்டர் கை (மேசை விளிம்பைக் கிளாம்பால கவ்வி மொனிட்டரைத் தாங்கிற கை) பூட்டலாமா என்று யாராவது கேட்க முதல் சொல்லிவிடுறன். மெலமைன் பலகையில அந்தக் கிளாம்ப் நேரடியாகப் பூட்டாதீங்கோ. 3–4 கிலோ மொனிட்டர் கையின் நுனியில 50 செ.மீ. தள்ளி நிற்கேக்க முழுப் பாரமும் கிளாம்பின்ர விளிம்பில ஒரு கோடாக விழும். பலகை உள்ளுக்குப் பதிந்து, ஒரு நாள் மேல் தோல் கிழிஞ்சு வரும். மேலேயும் கீழேயும் 15க்கு 15 செ.மீ. அளவில 3 மி.மீ. இரும்புத் தகடு, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில மெல்லிய றப்பர். வாங்க முதல் மொனிட்டரின்ர பின்பக்கம் 100க்கு 100 மி.மீ. சதுரத்தில (சிறியதென்றால் 75க்கு 75) நாலு துளை இருக்கா என்று பாருங்கோ. அனேகமாக எம்4 ஸ்குருதான் வேணும், நீளம் 10–12 மி.மீ. நீளமானதைப் போட்டு இறுக்கினால் மொனிட்டருக்கு உள்ளே சர்க்கிட் பலகையில குத்தும்.

பதிவு 13 · கொட்டாஞ்சேனை வயர்மன்

கரண்ட் பத்தி ஒருத்தரும் பேசல. லப்டொப் 65 வாட்ஸ், மொனிட்டர் 25, ரூட்டர் 10, சின்ன ஃபேன் 50. மொத்தம் 150. 230 வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியர்கூட வராது. அதனால ஒரே சொக்கெட்ல எல்லாம் போடலாம், பயப்படாதீங்க. பயப்படவேண்டியது அதே மல்டி பிளக் கட்டையில அயனையும் கேத்திலையும் சொருகுறதுக்கு. கேத்தில் மட்டும் 2000 வாட்ஸ் இழுக்கும்.

எல்லா முள்ளும் போகும்னு விக்கிற மல்டி பிளக் வாங்காதீங்க. எல்லாத்துக்கும் பொருந்துற துளை எதையும் இறுக்கிப் பிடிக்காது. தளர்வுல பொறி பறக்கும், பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு உருகும். பிளக்கை இழுத்தவுடனே முள்ளைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா அந்தக் கட்டையைத் தூக்கிப் போடுங்க. 13 ஆம்பியர் சதுர முள், உள்ளே பியூஸ், ஏர்த் உள்ளதா எடுங்க. கட்டையைத் தரையில போடாம மேசையோட பின் காலில டை போட்டுக் கட்டுங்க, நிலம் துடைக்கிற வீட்டுல அது முக்கியம். கரண்ட் கசிஞ்சா தானா விழுற டிரிப் சுவிட்சுல டெஸ்ட் பொத்தான் இருக்கும், மூணு மாசத்துக்கு ஒருக்கா அமுக்கிப் பாருங்க. விழலன்னா உடனே ஆளைக் கூப்பிடுங்க. லப்டொப்புக்கு பெட்டரி இருக்கு, கரண்ட் போனா முதல்ல சாகிறது ரூட்டர்தான். 12 வோல்ட் ரூட்டர்னா அதுக்குன்னு சின்ன யூபிஎஸ் இருக்கு, அது போதும்.

இன்னொண்ணு. சீலிங் ஃபேன் இலைக்கு மேல லைட் இருந்தா ஓடும்போது நிழல் வெட்டி வெட்டி அடிக்கும். கண்ணுக்கு உடனே தெரியாது, இரண்டு மணித்தியாலத்துல தலை இடிக்கும். லைட்டை இலைக்குக் கீழே இறக்குங்க, இல்லன்னா சுவர்ல மாத்துங்க. எல்ஈடி பல்பு துடிக்குதான்னு பார்க்க போன் கமெராவை ஸ்லோமோஷன்ல வச்சு எடுத்தா தெரிஞ்சுடும்.

பதிவு 14 · கண்கூசி

வயர்மன் அண்ணன் சொன்ன ஃபேன் விசயம் நூற்றுக்கு நூறு. அதே ஃபேன் நேரே முகத்துக்கு அடித்தால் கண் உலரும், திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதே குறைவு. காற்று பக்கத்தாலோ பின்னாலோ வரட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருக்கால் 20 அடிக்கு அப்பால் 20 செக்கன் பாருங்கள். உங்களுக்குக் கடல் இருக்கிறதே, வேறென்ன வேணும்.

பதிவு 15 · சும்மா_பார்ப்பவன்

ஏறி இறங்குகிற மின்சார மேசை வாங்கினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

பதிவு 16 · முழங்கை90

இருக்கலாம், ஆனால் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. எவ்வளவு உயரும் என்று பார்த்து வாங்குகிறார்கள், எவ்வளவு இறங்கும் என்று பார்ப்பதில்லை. இரண்டு அடுக்குக் கால் உள்ளவை 70–72 செ.மீ.க்குக் கீழே இறங்காது. மூன்று அடுக்குக் கால் உள்ளவைதான் 60–62 வரை வரும். 63 வேண்டிய ஆளுக்கு முதலாவது வகை, விலை கூடின பழைய மேசை.

நின்று வேலை செய்ய 5 அடி 3க்கு முழங்கை ஏறக்குறைய 100 செ.மீ. குசினி மேடை 85–90 இருக்கும், மேலே உறுதியான பெட்டி ஒன்றை வைத்தால் அரை மணித்தியாலக் கூட்டத்துக்குப் போதும். நாள் முழுக்க நிற்பதும் நல்லதில்லை. கால் வீங்கும், இடுப்பு பிடிக்கும்.

கீபோர்ட் பற்றி இரண்டு வரி. பின்பக்கக் குட்டிக் கால்களை மடித்துவிடுங்கள், அவற்றைத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைகிறது. கீபோர்ட்டின் நடுவை மேசையின் நடுவில் வைக்காமல், ஸ்பேஸ் கட்டையின் நடு தொப்புளுக்கு நேரே வரும்படி வையுங்கள். இலக்கத்தட்டு தேவையில்லையென்றால் அது இல்லாத 36 செ.மீ. கீபோர்ட் எடுங்கள். மவுஸ் 8 செ.மீ. கிட்ட வரும், உங்கள் வலது தோளுக்கு அந்த 8 பெரிய விசயம். பாமினி, ரெங்கநாதன் என்ற தமிழ்க் கீபோர்ட் அமைப்புகளில் தட்டச்சு செய்கிறவர்கள் ஷிப்டை அடிக்கடி தொடவேணும். இடது சுண்டுவிரலாலேயே எல்லாவற்றையும் அமுக்காமல், எழுத்து எந்தக் கையில் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஷிப்டைப் பழகுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். மோதிரவிரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கையை மேசை விளிம்பிலோ கைதாங்கியிலோ ஊன்றுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் டொக்டரிடம் காட்டவேணும், மவுஸ் மாற்றிக்கொண்டிருக்கக்கூடாது.

பதிவு 17 · சில்லுக்கதிரை

மேசைக்குக் கீழே இருட்டு, அங்கேதான் நுளம்பு. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, பின்னேரம் கூட. காலைக் காலால் சொறிந்துகொண்டு ஒருவரும் நேராக இருக்கமுடியாது. சின்ன மேசை ஃபேன் ஒன்றைக் கீழே வைத்துக் காலுக்கு அடிக்கவிடுங்கள். நுளம்புக்குக் காற்றை எதிர்த்துப் பறக்க வலு இல்லை. மூடின அறையில் எட்டு மணித்தியாலம் சுருள் கொளுத்துவதைவிட இது மேல்.

பதிவு 18 · கரையோரக்காரி

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன்: 40.5, 23, 71, 44. இப்படிப் போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். மேசை வடக்குச் சுவர், யன்னல் இடது பக்கம். லாச்சியைக் கழற்ற வீட்டுக்காரர் சரி சொல்லிவிட்டார். கதிரை: இருக்கை உயரம் 43–53, ஆழம் 42, நகர்த்தலாம். முழு உயரத்துக்கு ஏற்றி 53. மிதிபலகை 12.3. மொனிட்டர் 24, கீழே ஏ4 பொதி.

பதிவு 19 · சில்லுக்கதிரை

ஒரு இடத்தில் சறுக்குது. பெட்டியில் போட்டிருக்கிற 53 ஆள் இல்லாத இருக்கையின் உயரம். இருந்தவுடன் ஸ்பொஞ்சும் உருளையும் சேர்ந்து 2–3 செ.மீ. இறங்கும். உங்களுக்குக் கிடைப்பது 50, முழங்கை 73, மேசை இன்னும் 3 செ.மீ. உயரத்தில் நிற்கும்.

75 மி.மீ. விட்டமுள்ள பெரிய பொலியுரித்தேன் சில்லு போடுங்கள், அதே 11 மி.மீ. காம்பு. கதிரை 2 செ.மீ.க்கு மேல் உயரும், டைல்ஸ் பிரச்சினையும் அதோடு தீரும். மீதி ஒரு செ.மீ.க்குத் தலையை உடைக்காதீர்கள். கடையில் ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டு, இருக்கையின் முன் விளிம்பை நிலத்திலிருந்து அளந்து பாருங்கள். அந்த அளவை வைத்துத்தான் மிதிபலகையையும் வெட்டவேணும், அதனால் கதிரை வந்த பிறகு கல்லை வாங்குங்கள். 52 வந்தால் 52இலிருந்து 40.5 போக 11.5.

பதிவு 20 · கரையோரக்காரி

விளங்கியது. கழற்றின லாச்சியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் மொனிட்டரை வைக்கலாமா? இடமும் மிச்சம்.

பதிவு 21 · மரத்தூள்

வேண்டாம் தங்கச்சி. லாச்சியின்ர அடி 3 மி.மீ. ஹார்ட்போர்ட், நடுவில மொனிட்டர் வைத்தால் ஒரு மாதத்தில குழி விழும். உயரமும் 10 செ.மீ., உங்களுக்கு வேண்டியது 5. கட்டிலுக்குக் கீழே, அடிப்பக்கம் நிலத்தில படாமல், முன்முகம் மேலே பார்க்க நிறுத்தி வையுங்கோ. இடம் பத்தாட்டி அலுமாரிக்குப் பின்னால. தண்டவாள ஸ்குரு எல்லாத்தையும் ஒரு சின்னப் பையில போட்டு லாச்சிக்குள்ளேயே டேப்பால ஒட்டிவிடுங்கோ. இடது தண்டவாளம் எது, வலது எது என்று பென்சிலால எழுதிவையுங்கோ, மாறிப் பூட்டினால் லாச்சி ஓடாது.